பாய்லர் ஷாப் வீட்டில் ஒரு மெல்லிய குரல்

போனை எடுத்தால் நாம் கத்துகிறோம். நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. ட்ரங்க் கால் காலத்துப் பழக்கம் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். உங்களுக்கு அப்படி இருக்கலாம். எனக்கு இது பொன்மலையில் ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டில் உப்பு கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். கோபம், கொஞ்சல், சாமி கும்பிடுவது, சண்டை எல்லாம் ஒரே சுருதி. தெருவில் போகிறவர்கள் இந்த வீட்டில் தினமும் அடிதடி என்று நினைத்திருப்பார்கள். ஆனால் தெருவே அப்படித்தான் இருந்தது.

அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் பாய்லர் பிரிவு. நீராவி இன்ஜினின் வயிறு இருக்கிறதே, அந்தப் பெரிய இரும்புக் குடம், அதற்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்வார். வெளியே இருந்து ஆணி அறைவார்கள். இவர் உள்ளே இருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். கோயில் மணிக்குள் ஒரு மனிதனை உட்கார வைத்து வெளியிலிருந்து நாள் முழுக்க அடித்தால் எப்படியோ, அப்படி. சாயங்காலச் சங்கு ஊதியதும் நீலச் சட்டையோடு வெளியே வருகிற கூட்டத்தில் பாய்லர் ஷாப் ஆட்களைத் தனியாகக் கண்டுபிடிக்கலாம். அவர்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தபடி நடப்பார்கள்.

காது போய்விட்டது என்று அவர்களில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் டாக்டர் பரிசோதனை, அப்புறம் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று ஒரு பயம். அப்படி யாருக்கும் வேலை போனதாக எனக்குத் தெரியாது. இருந்தாலும் பயம் குடும்பம் குடும்பமாகப் பரவியிருந்தது. பாய்லர் ஷாப் ஆள் எவரும் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து நான் பார்த்ததில்லை. தெரியாத பேச்சுக்குத் தலையாட்டுவார்கள். எதிராளி சிரித்தால் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் எந்தக் கெட்ட வார்த்தையும் தப்பித்தவறி வாயில் வந்துவிடலாம். “உங்களுக்குக் காது கேக்கல” என்ற வாக்கியம் மட்டும் வரக்கூடாது. அம்மா எத்தனையோ தடவை அதை உதட்டு நுனி வரை கொண்டுவந்து விழுங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

அப்பா ரேடியோ கேட்பார். வால்வு ரேடியோ, தேக்குப் பெட்டி, முன்னால் தங்கச் சரிகைத் துணி. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். காய்ச்சல் வந்த குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி. அவர் பாட்டைக் கையால் கேட்கிறார் என்று புரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று. அந்த ரேடியோ இன்று எங்கே போனதோ. மூடியில் அவர் கை வைத்த இடத்தில் மட்டும் பாலிஷ் போய் வெளிறியிருந்தது.

இந்த வீட்டில்தான் என் அத்தை இருந்தாள். அப்பாவின் கடைசித் தங்கை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, கல்யாணத்துக்குக் காத்திருந்தவள். அவளுக்குக் கத்த வராது. பேசினால் ஈரத்துணியைக் கொடியில் போடுகிற அளவுக்குத்தான் சத்தம் வரும். “வாயத் தொறந்து பேசு பாப்பா!” என்று அப்பா ஒரு நாளைக்கு எத்தனை தடவை கத்துவாரோ. அவள் வாயைத் திறந்துதான் பேசிக்கொண்டிருப்பாள்.

அவள் பாடுவாள். குழாயடியில், தண்ணீர் நிரம்பும் நேரத்தில், குடத்தின் வாய்க்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு பாடுவாள். குடம் அவள் குரலை வாங்கி இன்னும் கொஞ்சம் தடிமனாகத் திருப்பிக் கொடுக்கும். தண்ணீர் ஏற ஏறப் பாட்டும் மேலே ஏறும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அந்தக் குடம் ஈயம் பூசின பித்தளை. அதுவும் பிறகு போயிற்று.

பாட்டு கற்றுக்கொள்ள அவளை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பினார்கள். உத்தர வீதியில் ஒரு பாட்டு மாமி. பொன்மலையிலிருந்து ஒரு பஸ், காவேரிப் பாலம் தாண்ட இன்னொரு பஸ். துணைக்கு நான். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மாமி தம்பூராவைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்:

“ஸ்வரம் சுத்தமா இருக்குடி கொழந்தே. கொறை சொல்லப்படாது. ஆனா குரல் எழும்பவே மாட்டேங்கறதே. பெருமாள் சந்நிதியில நின்னு பாடினா நாலு தூணாவது தாண்ட வேண்டாமோ? ஒன் குரல் ஒன் மடியிலயேன்னா விழறது.”

அத்தை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ் பாலத்தின் மேல் நின்றுவிட்டது. கீழே மணல் திட்டுகளுக்கு நடுவே காவேரி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. “இதுக்கும் குரல் எழும்பல பாரு” என்றாள் என்னிடம். 

இப்போது பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கு வருகிறேன். அங்கே ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். வீட்டுக்காரர் கூட்ஸ் வண்டி கார்டு. நாங்கள் கார்டு அங்கிள் என்போம். டியூட்டிக்குப் போகும்போது ஒரு கையில் பச்சை சிவப்பு விளக்கு, இன்னொரு கையில் நீளக் கறுப்புப் பெட்டி; பெட்டிக்குள் சாக்ஸபோன். வழியில் எங்காவது சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றால் கடைசியில் இருக்கிற பிரேக் வேனில் உட்கார்ந்து ஊதுவாராம். கார்டு ஆன்ட்டிக்கு அத்தைதான் கவுன் தைத்துக் கொடுப்பாள். கூலிக்குப் பதிலாக ஆன்ட்டி ரெக்கார்டு போட்டுக் காட்டுவாள்.

அந்த ரெக்கார்டுகளை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்களுக்கு எப்படிச் சொல்ல? முதலில் பித்தளைக் கூட்டம் மொத்தமாக எழுந்து நிற்கும். டிரம்பெட் ஒரு வரிசை, டிராம்போன் ஒரு வரிசை, சாக்ஸபோன் ஒரு வரிசை. ஒரு வரிசை கேள்வி கேட்கும், இன்னொன்று எகத்தாளமாகப் பதில் சொல்லும். அடியில் டிரம் ரயில் மாதிரி ஓடும். சுவர் இடிந்துவிடும் போலிருக்கும்போது எல்லாரும் சட்டென்று ஒதுங்கி வழிவிடுவார்கள். அந்த வழியில் ஒருவன் நிதானமாக நடந்து வந்து, நம் காதுக்குள் வாயை வைத்து, நேற்று மழை பெய்ததையும் அவள் வராததையும் சொல்வான். பாடுகிறான் என்றே தோன்றாது. மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கும்.

“இவங்கல்லாம் ஏன் ஆன்ட்டி கத்தாமப் பாடறாங்க?” என்று அத்தை கேட்டாள்.

“ஏன் கத்தணும்? மைக் இருக்கே! முன்னாடி சிங்கர்னா நெஞ்சைப் பிளந்துக்கிட்டுக் கத்தணும். இப்ப மைக் வந்துட்டுது. கேர்ள், இப்ப ரகசியம் பேசறவன்தான் ராஜா!”

அத்தை தைப்பதை நிறுத்திவிட்டு ரெக்கார்டு சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து குழாயடிக் குடத்துக்குள் அந்தப் பாட்டுகள் விழ ஆரம்பித்தன. பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. சுருதி பிசகாது.

அந்த வருடம் கார்டு அங்கிளுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. ரெக்கார்டில் கேட்கிற மாதிரியே பொன்மலையில் ஒரு பெரிய பேண்டு. அதுவரை ரயில்வேக்காரர்கள் கிளப்பான இன்ஸ்டிட்யூட்டில் சனிக்கிழமை டான்ஸுக்கு வாசித்தது பியானோ, வயலின், ஒரு டிரம், இவர் சாக்ஸபோன், அவ்வளவுதான். வாசிக்கத் தெரிந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சீமைக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தன. ஆள் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? பாலக்கரைக்குப் போய்க் கல்யாண ஊர்வலத்துக்கு வாசிக்கிற பேண்டு செட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒத்திகை சனிக்கிழமை மத்தியானம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அங்கேதான் வேலையில் இருந்தேன். இன்ஸ்டிட்யூட் டான்ஸ் ஹாலுக்குத் தேக்குத் தரை. கால் வழுக்கிக்கொண்டு போக வேண்டுமென்று மெழுகுவத்தியைச் சீவித் தூவுவார்கள். அதைத் தேய்க்க எங்களைப் போன்ற பிள்ளைகளைக் கோணிச் சாக்கின் மேல் உட்கார வைத்து, பெரிய பையன்கள் ஹால் முழுக்க இழுப்பார்கள். எங்கள் எடைதான் பாலிஷ். பாவாடையெல்லாம் மெழுகு வாசனையோடு வீட்டுக்குப் போவோம். இன்றைக்கும் கரண்ட் போய் மெழுகுவத்தி ஏற்றினால், எனக்கு டிரம்பெட் கேட்கிறது.

பாலக்கரைக்காரர்கள் சிவப்புக் கோட்டு, தோளில் சரிகைக் குஞ்சத்தோடு வந்தார்கள். ஊதினால் கூரை தூக்கும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவுடன் தாளம் தடுமாறியது. கார்டு அங்கிள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“என்ன மேன் இது? ரோட்ல நல்லாத்தானே வாசிச்சீங்க?”

அவர்களில் மூத்தவரான கிளாரினெட்காரர் எழுந்து நின்றார். “தப்பா நெனைக்காதீங்க சார். எங்களுக்கு நடந்தாத்தான் தாளம் நிக்கும். உக்காந்து வாசிச்சுப் பழக்கமில்ல.”

“ஸ்டேஜ்ல எங்க மேன் நடப்பே?”

“நின்ன எடத்துலயே நடக்கறோம் சார்.”

நாற்காலிகளைத் தூக்கினார்கள். பாலக்கரை வரிசை முழுதும் நின்ற இடத்திலேயே இடது வலது, இடது வலது என்று நடந்துகொண்டு ஊதியது. மேடைப் பலகையில் இருந்த பழைய தூசியெல்லாம் எழும்பி வெயிலில் மிதந்தது. எங்கள் சாக்கு வண்டி நின்றுவிட்டது. அந்தச் சத்தம்! ரெக்கார்டில்கூட அப்படி இல்லை. ரெக்கார்டுக்காரர்கள் யாரையும் மாமனார் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகவில்லையே.

“பாட்டு அருமையா இருக்கு சார்” என்றார் கிளாரினெட்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. “ஒண்ணுதான். பொண்ணு மாப்பிள்ளை எங்கேன்னு கண்ணு தேடிக்கிட்டே இருக்கு.”

எங்கள் வீட்டிலும் அப்போது மாப்பிள்ளைதான் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்பா வேறெங்கே போவார்? பாய்லர் ஷாப் ஃபோர்மேனின் மகனைப் பிடித்தார். பையன் ஸ்டோர்ஸில் கிளார்க். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். முன்னறையில் ஃபோர்மேன், அப்பா, இன்னும் இரண்டு பாய்லர் ஷாப் பெரியவர்கள், ஓரத்தில் மாப்பிள்ளை. உள்வாசலில் பெண்கள். கேசரி, பஜ்ஜி, காபி. அப்புறம் வழக்கம்போல, “பொண்ணு ஒரு பாட்டு பாடட்டுமே.”

அத்தை பாடினாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். என் ஆயுளில் அதைவிடச் சுத்தமாக ஒரு கீர்த்தனையைக் கேட்டதில்லை. பெண்கள் பக்கத்தில் யாரோ “ஆஹா” என்றார்கள். முன்னறையில் நான்கு ஆண்கள் அவள் உதட்டைப் பார்த்தபடி, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று காத்திருந்தார்கள். அவள் முடித்துக் கும்பிட்டபோது ஃபோர்மேன் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் ஃபோர்மேன் ரகசியமாகச் சொன்னார். பாய்லர் ஷாப் ரகசியம். தெரு முழுக்கக் கேட்டது.

“உதடு அசையுது, காத்துதான் வருது! சத்தம் வரல! நெஞ்சுல ஏதோ கோளாறு இருக்குப்பா! மொதல்ல டாக்டர்கிட்ட காட்டு!”

அந்தக் காலத்தில் நெஞ்சில் கோளாறு என்றால் ஒரே ஒரு வியாதிதான். பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். மறுநாள் காலையே குழாயடியில் எங்கள் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைக்கவில்லை.

அப்பா அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டாக்டர் நிதானமாக, தாழ்ந்த குரலில், சிரிக்காத முகத்தோடு, ஒன்றுமே இல்லை, நெஞ்சு சுத்தம் என்று சொன்னாராம். அப்பா வழக்கம்போலத் தலையாட்டினார். டாக்டரின் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒண்ணும் இல்லேன்னு டாக்டர் சொன்னாரு அண்ணே” என்றாள் அத்தை.

“பாரு, எனக்கு ஆறுதல் சொல்லுது” என்றார் அம்மாவிடம். கண் கலங்கியிருந்தது.

“என்னங்க, அவ சொல்றது நெசம்தாங்க! நல்லாத்தான் இருக்கா! நல்லாத்தான் பாடறா! எங்களுக்கெல்லாம் கேக்குதே!” அம்மா கத்தினாள்.

“உங்களுக்குக் கேக்குதுன்னா?” என்றார் அப்பா.

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த வாக்கியம் உதட்டு நுனிக்கு வந்தது. அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

முட்டை வந்தது. மீன் எண்ணெய் வந்தது. அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அப்புறம் ஜீயபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். தூரத்து உறவு; மனைவியை இழந்தவர், வாழைத் தோட்டக்காரர், அத்தையைவிட இருபது வயது பெரியவர். தார் நிறைய ரஸ்தாளிப் பழம் கொண்டுவந்து வாசலில் வைத்தார். நல்ல மனுஷர்தான், அதில் சந்தேகமில்லை.

“சீக்குன்னு சொல்றாங்க. பரவாயில்லங்க. ஆத்தங்கரை காத்துல தேறிடும். கடினமான வேலை ஒண்ணும் இல்ல. புள்ளைங்களுக்குத் தலைவாரிவிட ஒரு ஆள் இருந்தாப் போதும்.”

தை பிறந்ததும் தட்டு மாற்றிக்கொள்வது என்று அப்பா ஒத்துக்கொண்டார். தங்கையைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் அன்றைக்கு இரண்டு பழம் சாப்பிட்டார். அவரை நான் இன்று கோபிக்கவில்லை. ஒரு மனிதன் தன்னிடம் குறையே இல்லை என்று நம்பிவிட்டால், எதிரில் நிற்பவளிடம்தானே அதைத் தேட வேண்டியிருக்கிறது.

மார்கழி வந்தது. ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசலுக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. பொன்மலையில் கிறிஸ்துமஸ் மரத்துக்கு. இன்ஸ்டிட்யூட்டில் அந்த வாரம் ஒரு சாயங்காலம், ஒர்க்ஷாப் பிள்ளைகள் எல்லோருக்கும் விருந்து. சாதி மதம் கிடையாது. அப்பன் சங்குச் சத்தத்துக்கு ஓடுகிறவனாக இருந்தால் போதும். பேண்டு அன்றைக்குத்தான் அரங்கேறுவதாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, பேண்டோடு மைக்கில் பாடுவதாக இருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சுப் பெண்ணும் குடும்பத்தோடு கப்பலுக்குப் போய்விட்டாள்.

கார்டு ஆன்ட்டி கொல்லைப்புறமாக வந்து அம்மாவிடம் கேட்டாள். அம்மா பதறினாள். “ஐயோ, மேடையில ஏத்தறதா? எங்க வீட்டுப் பொண்ணையா? அவரு வெட்டிப் போட்டுடுவாரு!”

அத்தை சாணைக்கல்லில் கத்தரிக்கோலைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அண்ணி, ஜீயபுரம் போறதுக்கு முன்னாடி என் குரல் ஒரு சுவத்துல பட்டுத் திரும்பி வர்றத நான் ஒரே ஒரு தடவை கேக்கணும்.”

அம்மா அவள் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, “மேடையில மட்டும் நிக்கக் கூடாது. மூஞ்சி தெரியக் கூடாது” என்றாள்.

“அவ்வளவுதானே?” கார்டு அங்கிள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். இவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறார். “மைக்குக்கு ஒயர் இருக்கே அம்மா! ஆள் திரைக்குப் பின்னால, குரல் ஹால்ல!”

கடைசி ஒத்திகைக்கு அத்தை வந்தாள். மைக் என்றால் இன்றைக்கு விரல் அளவு இருக்கிறதே, அது இல்லை. தேங்காய் அளவு, முன்னால் கம்பி வலை, பனிக்கட்டி போலச் சில்லென்ற இரும்பு. நானும் முகர்ந்து பார்த்தேன். யார் யாரோ விட்ட மூச்சு அதில் இருந்தது. பெப்பர்மின்ட், சுருட்டு, லாவண்டர் பவுடர். அத்தை முதல் வரியைப் பாடினாள். ஹாலின் எதிர்ச் சுவரிலிருந்து அவளே திரும்பிப் பாடினாள். அவள் பின்னால் நகர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாலக்கரைக்காரர்கள் நடப்பதை மறந்து நின்றுவிட்டார்கள்.

அந்தச் சாயங்காலம். வண்ணக் காகிதத் தொப்பி, பலூன், கையில் ஒட்டிக்கொள்கிற கேக். பஞ்சுத் தாடி வைத்த தாத்தா தண்டவாளத்தில் டிராலியில் உட்கார்ந்து, நான்கு கேங்மேன்கள் தள்ள, மணியடித்துக்கொண்டு வந்து இறங்கினார். தாடிக்குள் இருந்தவர் எங்கள் தபால்காரர். அப்பாவும் வந்திருந்தார். எந்த விழாவானாலும் பாய்லர் ஷாப் ஆட்கள் ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில்தான் கூடி நிற்பார்கள், வெல்லத்தைக் கண்ட எறும்பு மாதிரி. அன்றைக்கும் மர ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் அப்பா, ஃபோர்மேன், மற்றவர்கள். நான் அப்பாவின் காலடியில் கேக்கோடு உட்கார்ந்திருந்தேன். 

பேண்டு எழுந்தது. பாலக்கரை வரிசை இடது வலது என்று நடந்தது. டிரம்பெட் கேட்டது, டிராம்போன் பதில் சொன்னது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு கார்டு அங்கிள் கையை உயர்த்தினார். பித்தளை முழுதும் அடங்கியது. டிரம்காரர் பிரஷ்ஷை எடுத்துக் கோலமாவு சலிக்கிற மாதிரி தேய்த்தார். திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

எப்போதும் போலத்தான் பாடினாள். குழாயடியில் குடத்துக்குப் பாடுவாளே, அப்படியே. ஆனால் ஹால்தான் குடமாகிவிட்டது. நாங்கள் எல்லோரும் அதற்குள் தண்ணீர் மாதிரி அசையாமல் நின்றோம்.

நான் அப்பாவைப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் அவர் உள்ளங்கை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் போயிருந்தது. கண்ணை மூடியிருந்தார். சட்டென்று திறந்தார். கையை எடுத்துப் பார்த்தார். கை இல்லாமலும் கேட்டது போலிருக்கிறது. மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார்.

“யாருப்பா இது? ரேடியோவா?” என்று ஃபோர்மேன் அவர் முகத்துக்கு நேராகக் கத்தினார்.

அப்பா என்னிடம் குனிந்தார். “ஏ குட்டி, பாடறது யாரு? மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்காங்களா?”

“அத்தைப்பா.”

“எந்த அத்தை?”

“நம்ம அத்தைப்பா!” கத்திவிட்டேன். பாட்டு மிகவும் தணிந்திருந்த இடம் அது. ஹாலே திரும்பிப் பார்த்தது. மூலையில் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அப்பா நடக்க ஆரம்பித்தார். நாங்கள் சாக்கில் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கிய தரை. அவர் காலில் ஆணி அடித்த பூட்ஸ். இரண்டு இடத்தில் வழுக்கினார். கையை விரித்துச் சமாளித்துக்கொண்டு நேராகத் திரையை நோக்கிப் போனார். கார்டு அங்கிள் குறுக்கே வரப் பார்த்து, முகத்தைப் பார்த்து ஒதுங்கினார். அப்பா திரையை ஒதுக்கினார்.

பாட்டு நின்றது. பேண்டு நிற்கவில்லை. பாலக்கரைக்காரர்களுக்கு மாமனார் வீடு வரும்வரை நிறுத்தத் தெரியாது.

அதற்குப் பிறகு என்னென்ன ஆயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மறுநாளே அப்பா ஒரு தார் ரஸ்தாளி வாங்கிக்கொண்டு ஜீயபுரம் போய், அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். பாய்லர் ஷாப்பில் எல்லோரும் சேர்ந்து, முட்டையும் மீன் எண்ணெயும்தான் பெண்ணைத் தேற்றிவிட்டன என்று முடிவு கட்டினார்கள். ஃபோர்மேன் வீட்டார் மறுபடி வந்தார்கள். அத்தை முடியாது என்றுவிட்டாள். “அந்தப் பையனுக்குக் காது நல்லாத்தானே கேக்கும் அண்ணி? அன்னைக்கு அவரு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றாள். இரண்டு மூன்று வருடம் கழித்து ஸ்ரீரங்கம் தந்தி ஆபீஸில் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். தந்தி மெஷினின் ‘கட்டு கட’ ஒலியில் வார்த்தை கேட்கத் தெரிந்த மனிதர். அவர்கள் வீட்டில் கத்துகிற சத்தமே கிடையாது.

பெரிய பேண்டு அடுத்த மழைக்காலம்வரைகூடத் தாங்கவில்லை. கார்டு அங்கிள் குடும்பமும் கப்பல் ஏறியது. மைக் எங்கே போயிற்றோ. ரெக்கார்டுகளை ஆன்ட்டி எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். வெயிலில் வளைந்து போன ஒன்றை அம்மா வெகுகாலம் தண்ணீர்ப் பானைக்கு மூடியாக வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவை தண்ணீர் குடிக்கும்போதும் ஒரு மெல்லிய குரல்காரனைத் தூக்கி ஓரமாக வைப்போம்.

பாலக்கரை கிளாரினெட்காரர் மட்டும் விடவில்லை. அதற்குப் பிறகு மலைக்கோட்டைப் பக்கம் ஊர்வலங்களில், மாப்பிள்ளை கார் வளைவில் திரும்பும்போது, நடுவே அந்த ரெக்கார்டுப் பாட்டு ஒன்று புகுந்து வெளியே வரும். கேட்டவர்கள் புது சினிமாப் பாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள்.

திரைக்கு வருகிறேன்.

அத்தை மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா அவள் எதிரே. அப்பா ஏதோ கேட்டார், பேண்டு சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அத்தை பதில் சொன்னாள், உதடு மட்டும் அசைந்தது. அப்பா அவள் உதட்டையே பார்த்தார். ஸ்பீக்கர் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஃபோர்மேன், பாய்லர் ஷாப் ஆட்கள் எல்லோரும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவின் வலது கை மேலே போயிற்று. அம்மா “ஐயோ” என்றாள். அறையத்தான் போகிறார் என்று நானும் நினைத்தேன்.

கை அவர் காதுக்குப் பின்னால் போய்க் குவிந்தது. அத்தனை பேருக்கு முன்னால், தன் தங்கைக்கு முன்னால், அவர் முதுகை வளைத்து மைக்குக்கு நேராகக் குனிந்தார். அவர் சொன்னது ஸ்பீக்கரில் வந்தது.

“கேக்கல பாப்பா. எனக்குத்தான் கேக்கல. இன்னொரு தடவை சொல்லு.”

அத்தை மைக்கை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்தாள். மைக்குக்கு எவ்வளவு கிட்டே நின்றாளோ அவ்வளவு கிட்டே, அந்தக் குவிந்த கைக்குள் வாயை வைத்துச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று அவள் கடைசிவரை எங்களிடம் சொல்லவில்லை. அப்பா தலையாட்டினார். வழக்கமான தலையாட்டல் இல்லை. கேட்டவர் ஆட்டுகிற ஆட்டல்.